இரண்டு சமையல்கட்டு

அன்புத் தங்கைக்கு,

கிழித்துப் போடாதே, முதலில் படி! இரண்டு மாதத்தில் மருத்துவமனை வேலையிலிருந்து எனக்கு ஓய்வு. ஆயுசு முழுக்க வாடகை வீடு. இப்போது சேமிப்பைப் போட்டால் ஊருக்கு வெளியே ஒற்றை அறை சொந்தமாகும். தரகர் அதைத்தான் பிடித்துக்கொண்டு, "சொந்தமா நாலு சுவராவது வேணாமாக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நானோ அந்தப் பணத்தில் வேறொரு வீட்டுக்குப் பத்து வருட லீசுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்! அந்த வீட்டில் இரண்டு சமையல்கட்டு இருக்கிறதடி!

ஒரே அடுப்பில் உப்புக்குச் சண்டை போட்டுத்தானே நீ பெட்டியைக் கட்டினாய்? ஆறு வருடமாக நான் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். ருசி பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

உன் பகுதிக்கும் என் பகுதிக்கும் நடுவே ஒரு கதவு. தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது. தச்சரை வரவழைத்து உன் பக்கம் மாற்றிவிட்டேன்.

உன் அக்கா