கேஷுவாலிட்டியில் சனிக்கிழமைகள்

அன்பு அக்கா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே, மாமாவுக்கும்கூட. படித்ததும் கிழித்துவிடு.

சனிக்கிழமைகளில் அப்பா குடித்துவிட்டு வருவதற்குள் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய்விடுவோம். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று நான்தான் சொல்வேன். அப்படிச் சொன்னால் உடனே படுக்க வைத்து ஈசிஜி எடுப்பார்கள். விடியும்வரை அனுப்ப மாட்டார்கள்.

போன வாரம் பிரபா சிஸ்டர் அம்மாவை எழுப்பிவிட்டார்.

"இது அஞ்சாவது வாரம்மா. உனக்கு ஒண்ணும் இல்ல. அங்க பாரு, பைக்ல அடிபட்டவன் பெட் இல்லாம ஸ்ட்ரெச்சர்லயே கெடக்கறான். இது என்ன லாட்ஜா? இனிமே வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்தாதான் உள்ள விடுவேன்."

அவன் காலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு சிஸ்டர்மேல் கோபமே வரவில்லை, அக்கா. அம்மா செருப்பைத் தேடினாள். நானும் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை. நாங்கள் எங்கும் போகவில்லை. அம்மா அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள்.

அடுத்த வாரம் ஒக்கலிபுரத்துக்கு, உன் வீட்டுக்கு, வரட்டுமா? உன் மாமியார் என்ன நினைப்பாரோ என்று அம்மா கூச்சப்படுகிறாள். அதனால் அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். மாமா கேட்டால் பரீட்சைக்குப் படிக்க வந்தோம் என்று நானே சொல்லிக்கொள்வேன். எனக்குப் பொய் சொல்ல நன்றாக வருகிறது.

கதவு தட்டும் சத்தம். அம்மா விளக்கை அணைக்கச் சொல்