தவமணி அக்கா அடிக்கச் சொன்ன பக்கம்

உன் கொப்பியைத் திறந்தால் இன்னும் கருவாடு மணக்கிறது. நீ இறந்து ஏழு மாதமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை. நீ எழுதி வைத்ததைப் புத்தகமாக்குவதற்காகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த நீ, வெளிநாட்டில் மானிடவியல் படித்துவிட்டு வல்வெட்டித்துறைக் கரைக்கு வந்து குந்தினாய். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தவமணி அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "உவ்வளவு படிச்சதும் எங்களைப் பாக்கவோ? முதல்ல மீன் வெட்டத் தெரியுமோ?"

உன் முதல் கட்டுரையில் அவரைக் கைம்பெண் என்று எழுதியிருந்தாய். வாசிக்கக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"என்ரை மனுசன் செத்தவர் எண்டு ஆரடி உனக்குச் சொன்னது? கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை. அவ்வளவுதான்."

அவர் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. ஒரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே நீ அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாய்.

அதன்பிறகு எதை எழுதினாலும் உரியவரிடம் கொண்டுபோய் வாசித்தாய். அவர்கள் அடிக்கச் சொன்னதை அவர்கள் முன்னாலேயே கோடு போட்டு அடித்தாய். நல்ல இடங்கள்தான் அதிகம் போயின.

"எல்லாத்தையும் வெட்டினால் பிறகு என்னடி மிஞ்சும்?" என்று சண்டை பிடித்தேன்.

"சனம் மிஞ்சும்," என்றாய்.

கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்ட உனக்கு நாள் கிடைக்கவில்லை. எழுதியபடியே போடலாம் என்றார் பதிப்பாசிரியர். அதில் தவமணி அக்கா சொன்ன ஒரு பக்கம் இருக்கிறது. நீ எழுதியதிலேயே சிறந்தது அதுதான். உன் பெயர் நிலைப்பதானால் அந்தப் பக்கத்தால்தான் நிலைக்கும்.

போன கிழமை கொப்பியோடு தவமணி அக்காவிடம் போய் அந்தப் பக்கத்தை வாசித்தேன். வலையிலிருந்து கையெடுக்காமல் முழுவதும் கேட்டார்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறாள். உந்தப் பக்கத்தை எடுத்துவிடு பிள்ளை."

"அக்கா, அவள் கடைசியா எழுதினது..."

"ஓம். அவளெண்டால் ஏன் எண்டு கேட்டிருக்க மாட்டாள்."

பேனையை எடுத்து, அவர் பார்க்கக் கோடு போட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் இல்லை.

புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்காது. அது சொல்லுக்குச் சொல் எனக்குப் பாடம். உனக்கு எழுதும் இந்த மடலிலும் நான் அதை எழுதவில்லை.