சிலுவை போட்ட துரியோதனன்

உங்கள் கூத்துப் பெட்டியை வெயிலில் வைக்கலாம் என்று திறந்தேன். அரிதார வாசனை குப்பென்று அடித்தது. எத்தனை தரம் துடைத்தாலும் அந்த மரக் கிரீடம், தோள்கட்டை என்று உங்கள் கூத்துக் கட்டைகளை விட்டு அது போவதில்லை. சனியன் என்று திட்டிக்கொண்டே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று.

நீங்கள் முதல்முதலாக வேடம் கட்டிய வருடம், பாகூர்ப் பக்கத்துத் துரோபதை அம்மன் கோயில் கூத்தில் துரியோதனன் வேடக்காரர் காய்ச்சலில் விழுந்தார். பக்கத்து வயலில் ஏர் ஓட்டியபடியே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்திருந்த உங்களைக் கூத்து வாத்தியார் கேட்டார். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். மாதா கோயில் பிள்ளைக்குக் கிரீடமா என்று நம் தெருவே கொதித்தது. யாருக்காவது தடை உண்டா என்று பூசையில் கேட்டு வாசிக்கிற நம் கல்யாண ஓலை, இரண்டு ஞாயிறு முடிந்து மூன்றாவதுக்குக் காத்திருந்தது. வேடம் கட்டினால் மூன்றாம் ஓலை கிடையாது என்று வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிவிட்டார்.

துரோபதை கோயில்காரர்களுக்கும் கோபம்தான். "வேதக்காரன் நம்ம கிரீடத்தத் தொடறதா?" என்றார்களாம். "தருமரு வேஷம்னா வுட்டிருக்க மாட்டோம். துரியோதனன்தானே, போவட்டும்" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னாராம்.

ஏரிக்கரையில் உங்களை மடக்கினேன்.

"இன்னா மாமா, நான் வேணுமா, துரியோதனன் வேணுமா?"

"ரெண்டும் வேணும்டி. வாக்கு குடுத்துட்டேன்."

"அப்ப கிரீடத்துக்கே தாலி கட்டு, போ!"

நீங்கள் காப்புக் கட்டி, மீன் வாடையே படாமல் விரதம் இருந்தீர்கள். "நம்ம தபசு காலத்துல ஒரு நாள் ஒருவேளை மட்டும் சாப்ட்டு ஒருசந்தி இருந்திருப்பானா இவன்?" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

துரியோதனன் சாகும் படுகளத்தன்று, பட்டப்பகலில், களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருந்தான். வரவே மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த நான் முக்காட்டோடு கூட்டத்தில் நின்றேன். பீமன் வேடக்காரர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். நீங்கள் கிரீடத்தோடு, மீசையோடு, நெற்றியில் தொடங்கி நிதானமாகச் சிலுவை போட்டீர்கள்! மத்தளமே நின்றுவிட்டது. உங்களை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பீமன்தான் சமாளித்தார். "எந்தச் சாமியக் கூப்டாலும் உன் தொடை தப்பாதுடா!" என்று அவர் கர்ஜிக்க, களமே சிரித்துக் கொட்டியது. கோபக்காரர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் சாமியார் உங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பயத்துல கை தானா போயிடுச்சி சாமி."

"பயத்தில் யாரைத் தேடினாய் என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டாராம். மூன்றாம் ஓலையை வாசிப்பாரா மாட்டாரா என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு ஒரு செபமும் ஓடவில்லை. அவர் ஓலையை எடுத்தார். உங்கள் பேரும் என் பேரும் காதில் விழுந்தன. "இவர்களுக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று முடித்ததும், வாசல் பக்கம் ஒரு குரல்:

"தடை ஒண்ணுமில்லீங்க சாமி! நான்தான் இவன் தொடையில அடிச்சவன். நல்ல பையன், கட்டி வைங்க!"

நெற்றி நிறையத் திருநீறோடு பீமன் நின்றார். அவருக்குப் பின்னால் கூத்து ஆட்கள் எல்லாரும், சலவை வேட்டியில். சாமியார் பொய்க்கோபமாக அதட்டினார். நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன்.

ஒருவருக்கும் வேண்டாத ஆளுக்கு வாழ்க்கைப்படப் போகிறோமோ என்று அதுவரை நான் பயந்திருந்தேன், மாமா. உங்களிடம் சொன்னதே இல்லை. போன மாதம் உங்கள் சவப்பெட்டியைத் தூக்க நம் பிள்ளைகளோடு கோயில்காரர்களும் முண்டியடித்தார்கள். தோள் மாற்றிக்கொள்ள இடம் கிடைக்காமல் ஒருவருக்கொருவர் சண்டைகூடப் போட்டார்கள். அவ்வளவு அழுகையிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன்.