சீலிங்கில் மாதுளை

என் சண்டைக்காரத் தங்கைக்கு,

விடுமுறை விருந்துக்குப் பழச்சோடா கலக்குவது எப்போதும் உன் வேலை. இரண்டு வருடமாக நீ வரவில்லை, பழச்சோடாவும் இல்லை. இந்த முறை நானே துணிந்து இறங்கினேன்.

அலமாரிக் கதவில் நீ ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் செய்தேன். ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, "கடைசியில் சோடா". சோடாவைக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? நான் மிக்ஸி ஜாரிலேயே ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்து, சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

மூடி பறந்தது. உன் அத்தானின் வெள்ளைச் சட்டை சிவப்புச் சட்டையானது. அப்பா தன் தலையிலிருந்து ஒரு அன்னாசித் துண்டை எடுத்து வாயில் போட்டு, "இனிப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சின்னவ இருந்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பா" என்றாள். இந்த முறை நான் பேச்சை மாற்றவில்லை.

என் சமையலறையில் கால் வைக்காதே என்று அன்று உன்னிடம் சொன்ன எனக்கு இது வேண்டியதுதான்.

சட்டையைத் துவைத்தாயிற்று, தரையையும் துடைத்தாயிற்று. சீலிங்கில் மட்டும் தட்டு அகலத்துக்கு ஒரு கறை. ஏணியோடு வந்த உன் அத்தானைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, வயிறு வலிக்கச் சிரிக்கிற வரை அது அங்கேயேதான் இருக்கும்.

உன் அக்கா