போகப் பத்து மணி, வர ஒன்பது

காலையிலிருந்து பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். நாளைக்கு மறுபடி ஃபிராங்க்ஃபர்ட் போகச் சொல்லிவிட்டார்கள் கம்பெனியில். பெட்டியின் கைப்பிடியில் போன தடவை விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு கிழியாமல் தொங்குகிறது. அதைப் பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முதல் டிக்கெட் வந்த அன்று சூளகிரி டீக்கடையில் அதை என் கையிலிருந்து பிடுங்கினாய். ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர் என்று போனில் தேடிச் சொன்னதும் நீதான். போகப் பத்து மணி நேரம், வர ஒன்பது. எதிர்க்காற்று, பின்காற்று என்று நான் விளக்க ஆரம்பித்தேன். நீ கேட்டால்தானே!

"காத்தாவது ஒண்ணாவது! வூட்டுக்குத் திரும்புற மாடு வெரசாத்தான்டா நடக்கும். அங்கேர்ந்து எனக்கு ஒரு ஜாக்கெட்டு வாங்கியா, காலையில குளிரு தாங்கல" என்றாய்.

எட்டு வருஷம் ஒரே மிஷினில் ஷிப்ட் மாற்றிக்கொண்டோம். அடுத்த ஆள் வந்து நிற்கும்வரை முந்தைய ஆள் மிஷினை விட்டு நகரக்கூடாது. நான் எப்போதும் தாமதம். நீ திட்டிக்கொண்டே நிற்பாய், ஆனால் நிற்பாய்.

உனக்கு நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் தம்பி அழைத்தபோது நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தேன். கிடைத்த விமானத்தில் இடம் பிடித்தேன். "ஒம்பது மணி நேரந்தான், நாளைக்கி மூணு மணிக்கெல்லாம் வூட்டுல இருப்பேன்" என்று அவனிடம் சொன்னேன். அந்த ஏழாயிரத்து நானூறைச் சரியாகக் கணக்குப் போட்டவன், தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து சூளகிரி வரைக்குமான நூறு கிலோமீட்டரில் கோட்டைவிட்டேன். அத்திப்பள்ளியில் வண்டி நகரவேயில்லை.

வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருந்தோம்ணா. பொழுது சாயுதுன்னு எடுத்துட்டாங்க" என்றாள் உன் மனைவி. எட்டு வருஷத்தில் நான் வருவதற்குள் நீ கிளம்பிப் போனது அன்று ஒருநாள்தான்.

அவளிடம் நெரிசல் என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் சொல்லாத ஒன்று இருக்கிறது. விமானம் இறங்கியபின் நாற்பது நிமிடம் இந்தப் பெட்டிக்காக நின்றேன். விட்டுவிட்டு ஓடியிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். உள்ளே உன் ஜாக்கெட் இருந்தது, அதனால் நின்றேன். பாவி நான், வேறென்ன சொல்ல?

இப்போது பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். தோள்பை ஒன்று போதும். "மூணு மாசத்துக்கு இதுல என்னா அடங்கும்?" என்று என் மனைவி சத்தம் போடுகிறாள். போடட்டும். திரும்பி வரும்போது எதற்காகவும் நிற்காமல் வெளியே நடந்துவிடுவேன்.

ஜாக்கெட்டை நான் போட்டுக்கொண்டு போகிறேன். தோளில் எனக்குக் கொஞ்சம் பெரிது. உனக்குச் சரியாக இருந்திருக்கும்.