கிள்ளாதடி

அன்புள்ள அப்பாவுக்கு,

மில் விடுதியிலிருக்கும் உங்கள் வாலு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மிச்சத்தைப் பதறாமல் படியுங்கள்.

எங்கள் அறைக்குக் கட்டில்தான் வரவில்லை, கட்டுவிரியன் வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தரையில் தூங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் படுத்திருந்த குண்டுமணி, "கிள்ளாதடி, சனியனே" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நான் கிள்ளவே இல்லை அப்பா. எழுந்து அவள் பாயைத் தூக்கினால், கறுப்பாய் ஒரு பாம்பு.

வார்டன் அக்கா அதை அடித்துப் போட்டுவிட்டு, "வரி போட்டதெல்லாம் சாதுடி. இவளுக்கு வலியே இல்லையே" என்றார். வயிற்றுவலி என்று டூப் விட்டு மருந்தறையில் படுப்பேனே, அங்கிருக்கும் பாம்புப் படம் எனக்கு மனப்பாடம். சாதுவுக்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கிவிடும். இதற்குக் கழுத்து வெறுமை, வெள்ளை வரிகள் தள்ளித்தான் தொடங்கின. நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்கள். கத்திக் கூப்பாடு போட்டு வண்டியில் ஏற்றினேன். போகும்போதே அவள் இமைகள் கவிழ்ந்துவிட்டன.

இப்போது ஆஸ்பத்திரியில் மிஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும் என்கிறார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து நிஜமாகவே கிள்ளுகிறேன். திட்ட மாட்டேங்கிறாள்.

கொசுவலை அனுப்புங்கள் அப்பா, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ள. ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அவளைப் பார்க்க உள்ளே விடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாலு