ஐபீஸுக்குள் ஒரு முடி

உங்கள் மைக்ரோஸ்கோப் நேற்று கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தது. மரப்பெட்டியைத் திறந்ததும், ஸ்லைடு தயாரிக்கும் சைலீனின் வாசனை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தும் அது போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் இடுப்பு வலிக்கிறது. நின்றபடியே கழிந்த வருடங்களின் வாசனை அது.

கொண்டுவந்தவள் ரேவதி. பாகூரில், நீங்கள் தலைவராக இருந்த விலங்கியல் துறையில், நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். ஸ்லைடு தயாரிப்பது, மேசை மேசையாகப் போய் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது, எல்லாரும் போனபின் கழுவி அடுக்குவது. என் காலத்தில் அந்த வேலைக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயர். இப்போது என்ன பெயர் என்று கேட்டேன்.

"கெஸ்ட்டுன்னு சொல்றாங்க மேடம். கெஸ்ட்டுக்கு ஒரு டீ கூட யாரும் குடுக்க மாட்றாங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறார்களாம். வாசலில் மேசை போட்டு, இந்த மைக்ரோஸ்கோப்பில் வெங்காய வேர் ஸ்லைடு ஒன்றைப் பொருத்தி, வருகிறவர்களை எட்டிப் பார்க்கச் சொல்வார்களாம். பெயர்ப்பலகையின் திரையை விலக்க நான் வர வேண்டும், சாரின் மிஸஸாக.

"ஒரே ஒரு விஷயம் மேடம். ஐபீஸ் உள்ள முடி ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது. அத்த எடுத்துட்டு க்ளீன் பண்ணி வாங்கியாரச் சொன்னாரு ஹெச்.ஓ.டி. உங்களுக்குத்தான் இதத் தொடத் தெரியும்னாரு."

தானாக ஒட்டிக்கொண்டதல்ல, ஒட்டவைத்தது. உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு எந்தச் செல்லைப் பார்ப்பது என்று தெரியாது. செல்லைச் சுட்டிக்காட்ட உள்ளே முள் வைத்த ஐபீஸ் வாங்கித் தர கல்லூரிக்கு மனமில்லை. "ஒரு முடிய ஒட்டிடலாம். உன் முடிதான் நல்ல கெட்டி" என்றீர்கள். அங்கேயே ஒன்றைப் பிடுங்கி, அளவாக நறுக்கி, நுனி வட்டத்தின் நடுவில் நிற்கும்படி ஒரு சொட்டுப் பிசின் வைத்து ஒட்டினேன். அதன்பிறகு அந்தக் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பிள்ளையும் பிரியும் குரோமோசோமை என் முடியின் நுனியில்தான் பார்த்தது. முடி காட்டும், நீங்கள் விளக்குவீர்கள்.

முதல் நாளே நீங்கள் விதித்தது: "காலேஜுக்குள்ள நான் உனக்கு சார்." வில்லியனூரில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரில் ஏறும்போது "என்னங்க", பாகூரில் இறங்கும்போது "சார்". நடுவில் வயல்களைத் தாண்டிப் போகும் வழி முழுக்க என் மடியில் வெங்காய வேர் ஊறும் குப்பிகள். காலையில் வெட்டினால்தான் செல்கள் பிரிகிற நிலையில் கிடைக்கும். ஆகவே நம் வீட்டில் அடுப்பு எரிவதற்கு முன்பே, ஜன்னலோரத் தம்ளர்களில் வேர்விட்ட வெங்காயங்களிடம் போவேன். நீங்களும் வகுப்பில் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "டெமான்ஸ்ட்ரேட்டர், ஸ்லைடு ரெடியா?" வீட்டில் "இந்தாம்மா".

ஒரு பையன் அந்த முடியையும் சேர்த்து வரைந்துவிட்டான். செல்லுக்கு வால் போல ஒரு கோடு. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எங்களிடம் எதிர்பார்த்த சுத்தமான கையெழுத்தில் 'ஃப்ளாஜெல்லம்' என்று எழுதியிருந்தான்.

"இன்னாடா இது?" என்றீர்கள்.

"பாத்தத வரைஞ்சேன் சார். வாலு மாதிரி இருந்திச்சு."

"டேய், அது உங்க மேடம் முடிடா!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பும்போது ஸ்கூட்டரில் நீங்கள் விடவில்லை. "பாத்தியா, உன் முடிக்குப் பேரு வெச்சிட்டான்."

"முடிக்காவது வெச்சானே" என்றேன். காற்றில் உங்கள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. எனக்கு விரிவுரையாளராகப் பதவி உயர்வு, காரைக்காலில். அங்கே நான் பாடம் நடத்துவேன். எனக்கு ஒருவர் ஸ்லைடு தயாரித்துத் தருவார். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன். ஆனா நீ இல்லாட்டி இங்க பிராக்டிகல் படுத்துடும். உன் கை எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாராட்டினீர்கள். அதை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது என்று எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளும் வெங்காயத் தம்ளரில் தண்ணீர் மாற்றினேன். ஓய்வு பெறும்வரை மாற்றினேன். நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் கடலூர் சாலையில் காரைக்கால் என்று பலகை போட்ட பஸ் எதிரே வந்தால் உங்கள் முதுகு விறைப்பதை, பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படியானால் உங்களுக்கும் தெரிந்திருந்தது. அதை மட்டும் நான் உங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறேன்.

நேற்று ஐபீஸைக் கழற்றி, ஊசி முனையால் அந்த முடியை நெம்பினேன். பிசின் கல்லாக இறுகியிருந்தது. முடி இரண்டாக ஒடிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு. அங்கே இனி நான் இல்லை; சாரின் மைக்ரோஸ்கோப் சாருக்கே இருக்கட்டும் என்று லென்ஸைத் துடைத்து மூடினேன். அடியில் இருக்கும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, ரேவதி கொண்டுவந்த ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ஒரு செல் சரியாகப் பிரிகிற நிலையில் நின்றது, வட்டத்தின் நடுவில். அதைச் சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

யோசிப்பதற்குள் என் கை தலைக்குப் போய்விட்டது.

பிடுங்கி ஒட்டியது நரைமுடிதான். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே அதுவும் கருப்பாகத்தான் தெரிகிறது. விட்டு வெளியேற உட்கார்ந்தவள் மறுபடியும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டேன். கோபம் வந்தது, உங்கள் மீது பாதி, இந்தக் கையின் மீது பாதி.

ரேவதி வாயைப் பிளந்தாள். "அப்ப அந்தப் பழசும் உங்களுதா மேடம்? எங்க யாருக்குமே தெரியாதே!"

"மேசையில வைக்க ஒரு அட்டை எழுது. முள்ளா இருக்கறது யாரோட முடின்னு."

"சாரோட மிஸஸுன்னு போடட்டுமா?"

"வேணாம்."

"டெமான்ஸ்ட்ரேட்டர்னு?"

"அதுவும் வேணாம். பேர எழுது."

பேனாவைத் திறந்துவிட்டு விழித்தாள். "உங்க பேரு இன்னா மேடம்?"

"கோதாவரி."

"இனிஷியல்?"

"தேவையில்ல."

எழுதினாள். எழுத்து சற்றுக் கோணல். திருத்தி எழுதச் சொன்னேன், எழுதினாள்.

உங்களிடம் வேலை பார்த்து எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. ஃபோகஸ் செய்து முடித்ததும் ஓர் அடி விலகி நிற்பேன், அடுத்தவர் பார்க்கட்டும் என்று. சமையலறையிலும் அப்படித்தான், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளிலும் அப்படித்தான். நேற்றும் திருகைக் கடைசியாகத் திருப்பிவிட்டு விலகினேன். விலகியபின்தான் பார்த்தேன், அந்த இடத்துக்கு வர நீங்கள் இல்லை.

ரேவதி குனிய வந்தாள்.

"இரு, நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றேன்.